பல் வைத்தியரின் சுவருக்கு நாற்பது சிரிப்பு

07.06.2025, சனி

கிளிநொச்சியில் ஆறு சனிக்கிழமை வகுப்பு. கலைக்கும் வடிவமைப்புக்கும் இயந்திரக் கற்றல். முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவன் மாணவனாகப் போய் உட்கார்ந்தால் பக்கத்துக் கதிரையில் ஜனார்த்தனன்! இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் என் சுவரோவிய வரைபைத் தன் பெயரில் கொடுத்துப் பரிசு வாங்கியவன். மாவட்டத்தில் வேறு கதிரையே இல்லையா?

வீட்டில் நேசமலர் கேட்டாள்: "மெசின் எப்பிடியப்பா படிக்கும்?"

"நிறைய உதாரணங்களைப் பார்த்து."

"அப்ப உங்கட வகுப்புப் பொடியளை விடக் கெட்டித்தனம்தான்."

மனைவி என்றாலும் ஓர் அளவு வேண்டும்.

10.06

என் பழைய மாணவி கஜனி பரந்தனில் பல் வைத்தியசாலை திறக்கப் போகிறாள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் சுவர் முழுவதற்கும் ஒரு படம் வேண்டுமாம். நாற்பது பேர், அத்தனை பேரும் சிரிக்க வேண்டும். ஜூலை பதினைந்துக்குள்.

"ஏலாதெண்டால் சொல்லுங்கோ சேர். ஜனார்த்தனன் சேரும் கேட்டவர்."

ஏலும் என்றேன். கையால் என்றால் நான்கு மாதம் பிடிக்கும். நான் கீறும் கோடுகளை இயந்திரத்துக்குப் பழக்கிவிட்டால்? இந்தச் சுவரும் அவனுக்குப் போகக் கூடாது.

14.06

பழக்குவதற்கு நான் கீறிய நூற்றிருபது முகங்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும் என்றார்கள். மூன்று நாள் இருந்து மனதார எழுதினேன்.

வகுப்பெடுக்கும் ராஜினி அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றுவதற்காக வாய்விட்டு வாசிப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

"மீன் கடை அப்துல் மஜீத். எனக்கு வால் துண்டு மட்டும் தருபவர்." வகுப்பு சிரித்தது. "ஜனார்த்தனன். கள்ளன்." வகுப்பு சிரிக்கவில்லை. அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜினி மெதுவாகச் சொன்னாள்: "படத்திலை இருக்கிறதை மட்டும் எழுதுங்கோ சேர். மனசிலை இருக்கிறதை எழுதாதேங்கோ."

21.06

விளக்கங்களைத் திருத்திப் பழக்கியாயிற்று. 'சிரிக்கும் பெண்' என்று கேட்டேன். தேசிக்காய் கடித்தவள் வந்தாள். 'சிரிக்கும் முதியவர்' - மின்சாரக் கட்டணத் துண்டைப் பார்ப்பவர்போல் ஒருவர். கோடு மட்டும் அச்சு அசல் என்னுடையது.

"உங்கட நூற்றிருபதிலை சிரிக்கிற முகம் ஒண்டுகூட இல்லை சேர். காட்டாததை அது எப்பிடிக் கீறும்?" என்றாள் ராஜினி.

ஒன்றுகூடவா? வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். உண்மைதான்.

23.06

சித்திரக் கொப்பியோடு சந்தைக்குப் போனேன். என்னைக் கண்டதும் எல்லா முகமும் இறுகுகிறது. கடைசியில் மஜீதிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "ஒருக்காச் சிரியுங்கோ, கீற வேணும்."

"மாஸ்டர், நீங்கள் கேட்டதே போதும்!" கத்தியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சனம் கூடிவிட்டது. ஒரே இடத்தில் ஒன்பது சிரிப்பு.

வால் துண்டுதான் தந்தார்.

27.06

நேசமலரைக் கீறினேன். சிரிக்கச் சொல்லவே தேவைப்படவில்லை. என் முகம் போதுமாம்.

05.07, சனி

இடைவேளையில் ஜனார்த்தனன் வந்து முன்னால் இருந்தான். "என்னைக் கள்ளனாவே வைச்சிருக்கப் போறியோடா? ஊரெல்லாம் கீறுறாய், என்னையும் கீறன்."

சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிறான். முன்பல் இரண்டு இல்லை. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அந்தக் கை பிடிபடவில்லை. திருப்பித் திருப்பிப் பதினொரு தரம் கீறினேன். நாலாவதோ ஐந்தாவதோ கீறும்போது சொன்னான்: "அது உன்ரை வரைபுதான். சொல்ல வெக்கமாக் கிடந்தது."

இருபத்திரண்டு வருடம். இதற்குப் பதில் எத்தனை விதமாக யோசித்து வைத்திருந்தேன்!

"ஆடாதை. கை அசையுது," என்றேன்.

09.07

புதிய சிரிப்புகளைக் கொடுத்து இயந்திரத்தைத் திரும்பப் பழக்கினோம். படம் வந்துவிட்டது. நாற்பதும் சிரிக்கின்றன. ஒன்பது பேர் மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டு! பதினொரு தரம் காட்டினால் அப்படித்தான் வரும் என்றாள் ராஜினி. வேண்டுமென்றால் மாற்றலாமாம். பல் வைத்தியசாலையில் பல்லை மறைக்கும் சனம் - கஜனி என்ன சொல்வாளோ?

மூன்று பேரை மாற்றினேன். மற்ற ஆறு பேர்... நன்றாக வந்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

14.07

அச்சடித்துச் சுவரில் ஒட்டியாயிற்று. ஒரு நாள் மிச்சம். கஜனி அந்த ஆறு பேரையும் விரலால் தொட்டு எண்ணினாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

"இவையள்தான் சேர் இஞ்சை வரவேண்டிய ஆக்கள்!"

22.07

படத்தின் மூலையொன்று கிளம்பியிருக்கிறது என்று கஜனி கூப்பிட்டிருந்தாள். ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஜனார்த்தனன் வந்தான். சுவரைக் கனநேரம் பார்த்தான். "ஆறு இடத்திலை நிக்கிறன் என்ன?" என்றான். பிறகு இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வரிசையில் இருந்தான். பல் கட்டப் போகிறானாம்.

அவனுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போகிறவன் ஹெல்மெட்டை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனான். என் வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது.

ஒன்றேகால் மணித்தியாலம். மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.