தானாக எரிந்த மாடி விளக்கு

அன்புள்ள வாலு,

நாங்கள் நலம், நீ நலமா என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை அதற்கு ஒழுங்கான பதில் வாங்காமல் விடப்போவதில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அக்கா பிள்ளைக்கு முன்பல் விழுந்து பொக்கை வாயோடு சிரிக்கிறான். துணி துவைக்கும் மெஷின் சுற்றச் சுற்றச் சமையலறை வரை நடந்து வருகிறது. இதெல்லாம் நானே பார்த்து எழுதுகிற நிஜம். உன்னைப் பற்றி இத்தனை நாள் நான் பார்த்ததுதான் பொய் என்று போன வாரம் தெரிந்தது.

நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பும் முன் பழைய கம்ப்யூட்டரில் அந்தக் கட்டட விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாய். ஓடைக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் உன் வீடு, எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் உள்ளே வரலாம் என்றாய். உன் மாடியில் விளக்கு வைத்துச் சுவருக்குள் கம்பி இழுத்து, "தினமும் வந்து லீவரை இழுப்பேன், போன் எடுக்கலைன்னாலும் விளக்கு எரிஞ்சா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். இந்த வயதில் என்ன விளையாட்டு என்று கேலி செய்த உன் அப்பா, இப்போதெல்லாம் நான் தையல் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "எரியுதா?" என்கிறார். எரிகிறது என்றால்தான் சாப்பிட உட்காருவார்.

உங்கள் பக்கம் புயல் அடித்தபோது ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை என்று டிவியில் சொன்னார்கள். உன் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. அப்பா பதறிப்போய் விளக்கைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன், ஜம்மென்று எரிந்தது. அவர் நிம்மதியாகப் படுத்துவிட்டார். எனக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது, கரண்டே இல்லாத ஊரிலிருந்து இந்தப் பிள்ளை எப்படி லீவரை இழுத்தான் என்று. அப்படியே விளையாட்டுக்குள் போய் உன் வீட்டுச் சுவரைப் பெயர்த்தேன். அடுத்தவர் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்வதுதானே கடையில் என் வேலை. லீவரிலிருந்து ஒரு கம்பியும் விளக்குக்குப் போகவில்லை. கூரையில் வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கும் பலகை ஒன்று, அதற்குக் கீழே, வருவதைத் தலைகீழாக்கிவிடும் ஒரு நாட் கேட். வெளிச்சம் போனால் விளக்கு எரியும், நீ வந்தாலும் எரியும், வராவிட்டாலும் எரியும். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

கரண்ட் வந்து நீ பேசியபோது கேட்டேன். "வேலை தலைக்கு மேல இருக்கும்மா, ஒருநாள் மறந்துட்டா நீங்க பயந்துடுவீங்க, அதான் தானா எரியற மாதிரி பண்ணிட்டேன்" என்றாய். பேச்சோடு பேச்சாக, நடுவில் ஜுரத்தில் படுத்துக்கிடந்ததையும், தண்ணீர் எடுத்துத் தரக்கூட ஆள் இல்லாததையும் உளறிவிட்டாய். நீ அங்கே நடுங்கிக்கொண்டு கிடக்க, நாங்கள் இங்கே உன் விளக்கைப் பார்த்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டிருக்கிறோம். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது. நாங்கள் பயப்படக் கூடாதாம். பெற்றவர்கள் வேறு எதற்கு இருக்கிறோம்?

அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல்பு போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். விளையாட்டில்கூடப் பல்பு போகுமா என்று ஆச்சரியப்பட்டார், ஆனால் நம்பிவிட்டார். இப்போது தினமும் "புதுசு மாட்டிட்டானா?" என்று கேட்டு என் உயிரை வாங்குகிறார், சாப்பாடும் பாதிதான் இறங்குகிறது.

உன் நாட் கேட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். கோழிக்கூண்டுக் கதவுக்கு நீ சொல்லிக் கொடுத்தாயே, இரண்டு பக்கக் கம்பியிலும் மின்சாரம் வந்தால்தான் மேலே விடும் அண்ட் கேட், அதைப் போட்டேன். முதல் தடவை கம்பியை மாற்றிக் கொடுத்து, மாட்டுக் கொட்டகைக் கதவு திறந்து, மாடெல்லாம் ஓடையில் இறங்கிவிட்டன. ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அதற்கும் உன்னைத்தான் திட்டினேன். இப்போது சரியாக இருக்கிறது. லீவரே கிடையாது. உன் வாசலில் ஒரு மிதிபலகை, என் வாசலில் ஒன்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறி நின்றால்தான் மாடி விளக்கு எரியும், ஒருவர் இறங்கினாலும் அணைந்துவிடும். உன் பலகையில் ஆட்டைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று கனவு காணாதே, சுவரையே பெயர்த்தவளுக்கு ஆட்டை அவிழ்க்கத் தெரியாதா. தினமும் வா என்று சொல்லவில்லை, முடிகிற அன்றைக்கு வா. உடம்பு சரியில்லாத அன்றைக்குக் கட்டாயம் வா, அல்லது போனில் சரியில்லை என்றே சொல்லு, நாங்கள் பயந்துகொள்கிறோம்.

ஜுர மாத்திரை வாங்கிக் கைக்கெட்டும் இடத்தில் வை. ஈரத் தலையோடு தூங்காதே. நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருப்பாய், என் வாழ்த்து வீண்போகாது. நான் சாயங்காலம் வந்ததும் என் பலகையில் ஏறிவிடுகிறேன். அப்பா பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்து "ஏன் சும்மாவே நின்னுட்டு இருக்க?" என்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல, நீ வந்து சொல்.

இப்படிக்கு,
பலகையை விட்டு இறங்காத
உன் அம்மா