முகாமைப் பார்த்துவிட்டு வந்த வாரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. ஜெர்மனியில் மகள் வீட்டிலிருந்து வந்து மூன்று நாள், பெட்டி பாதி பிரிக்காமல். கால் வீக்கம் வற்றவில்லை.

ஸ்டாஃப் ரூமில் சாக்லேட் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே கேள்வி, பனி பார்த்தீர்களா. மே மாதத்தில் ஏது பனி. நாஜிகளின் வதைமுகாம் ஒன்றை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தேன் என்றேன். கணக்கு டீச்சர் எஸ்தர்: "அம்புட்டுத் தூரம் போயி அங்கன எதுக்குட்டி போன? ஒரு அரண்மனையப் பாத்துட்டு வரக் கூடாதா?" அதோடு பேச்சு சேலைக்குப் போய்விட்டது. இருபது வருடம் சரித்திரம் நடத்தியவளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

10, செவ்வாய்

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். மூன்றடுக்கு மரக் கட்டில்கள். சுவர் முழுக்க முகங்கள். பிணம் எரித்த சூளை; மகள் உள்ளே வரவில்லை. வெளியே சரளைக்கல் பரப்பிய பெரிய மைதானம். காலையும் மாலையும் கைதிகளை வரிசையில் நிறுத்தி எண்ணுவார்களாம். எண்ணிக்கை சரியாகும்வரை மணிக்கணக்கில். மழையோ பனியோ. விழுந்தவர் விழுந்தபடி.

அங்கே நிற்கும்போது எங்கள் பள்ளி மைதானம் ஞாபகம் வந்தது. லேட்டாக வரும் பிள்ளைகளை முதல் பீரியட் முழுக்க வெயிலில் நிறுத்துவது நான் கொண்டுவந்த வழக்கம். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றென்று சொன்னால் செத்தவர்களுக்கு அவமரியாதை. இருந்தாலும் மனம் அடங்கவில்லை.

12, வியாழன்

பிரேயரில் பயணம் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் ஹெச்.எம். அவர் அறிமுகம்: "நம்ம ஸ்கூல் ஹிட்லர், அந்த ஹிட்லர் ஊருக்கே போயிட்டு வந்திருக்காவ!" ஒரே கைதட்டல். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். இத்தனை வருடம் எனக்கும் உள்ளூரப் பெருமைதான், அதுதான் எரிச்சல். மைக்கில், இனிமேல் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்றேன். அதற்கும் சிரிப்பு. முகாம் என்று ஆரம்பித்தேன், பெல். சே.

வகுப்பில் மறுபடி ஆரம்பித்தேன். முன்வரிசையிலிருந்து: "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?"

13, வெள்ளி

லேட் பிள்ளைகள் ஒன்பது பேர், வெயிலில். வகுப்புக்குப் போங்கள் என்றேன். பி.டி. சாருக்குக் கோபம். "ஒங்க ரூல்தான டீச்சர்? நீங்களே இப்டிச் செஞ்சா நாளைக்கு எவ மதிப்பா?"

"என் ரூல்தான். தப்பு." என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கடைசியாக நடந்தவள் ஒன்பதாம் வகுப்பு முத்துலட்சுமி. இளையரசனேந்தல் பக்கம் ஒரு கிராமம். தினமும் ஏன் லேட் என்று கேட்டேன்.

"எங்க ஊருக்கு ஒரே பஸ்ஸுதான் டீச்சர். அது இங்கன வரவே ஒம்பதே முக்கால் ஆயிருது."

"இத ஏம்ட்டி முன்னாலயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே டீச்சர்."

ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறாள்.