நடுங்குவதற்கு ஒரு வகுப்பு

என் வாய்க்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஈடுகொடுத்த சம்பந்தியம்மா பாவாயி அவர்களுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்பதில் பொருளில்லை. நான் நலமா என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால் வழக்கம்போல முனகுகிறது. என் கார்ச் சாவி மட்டும் ஒன்பது மாதங்கள் என்னிடம் இல்லை. அதை உங்கள் மருமகள், அதாவது நான் பெற்ற மாலதி, தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

குற்றம் என் கைகளுடையது. நீங்கள் போனதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டால் இரண்டு கைகளும் நடுங்குகின்றன. காய் நறுக்கும்போது நடுங்குவதில்லை. கையெழுத்துப் போடும்போதும் இல்லை. நரம்பு மருத்துவர் ஒருவர் என் விரல்களை மடக்கிப் பார்த்தார், தலையைப் படம் எடுத்துப் பார்த்தார், "ஒண்ணுமில்லீங்கம்மா, டென்ஷன்தான்" என்றார். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தி, தவளையின் நரம்பு மண்டலத்தை வண்ணச் சாக்கட்டியால் கரும்பலகையில் விரித்துப் போட்டவளிடம் சொல்லும் பதிலா இது? அவருக்கு நான் பூஜ்யம் போட்டேன், மனத்துக்குள்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. உங்களுக்கும் தெரியும், நீங்கள் பக்கத்து இருக்கையில் இருந்தீர்கள்.

அன்று காலை நெஞ்சு எரிகிறது என்றீர்கள். உங்கள் மகன் செந்தில் ஊரில் இல்லை. புதுச்சத்திரத்தில் உள்ள உங்கள் கோழிப்பண்ணையிலிருந்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு நானே உங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழக்கம்போல் மேலே இருக்கும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உங்கள் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தபடி வந்தீர்கள். "மெதுவாப் போங்க டீச்சரம்மா. ஆஸ்பத்திரி எங்கியும் ஓடிப் போவாது" என்றீர்கள். டீச்சர் இல்லை, பேராசிரியை என்று உங்களைத் திருத்தி ஓய்ந்தவள் நான். உங்கள் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். வேகத்தைக் குறைத்தேன். நாமக்கல்லுக்குச் சற்று முன்பு, ஒரு டயர் கடைக்கு எதிரே, உங்கள் கை கைப்பிடியிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது.

பறந்து வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என் மூளை அதை ஏற்றுக்கொண்டது. கைகள் ஏற்கவில்லை. என் கைகள் எப்போதிலிருந்து தனியாகச் சிந்திக்கத் தொடங்கின, சம்பந்தியம்மா?

அடுத்த மாதம் உங்களுக்கு வருடத் திதி. மோகனூரில், காவிரிக் கரையில் செய்வதென்று முடிவாகியிருக்கிறது. குடும்பத்தை அழைத்துச் செல்ல மாலதி வாடகை வண்டி பேசினாள். நான் ஓட்டாமல் வரமாட்டேன் என்றேன். "நடுங்கற கையில எப்படிம்மா எங்க உசுரக் குடுக்கறது?" என்றாள். நியாயமான கேள்விதான், பெற்ற தாயிடம் அதைக் கேட்ட தொனிதான் சரியில்லை.

இந்தச் சண்டையின் நடுவில் அவள் ஒரு வகுப்பைக் கண்டுபிடித்தாள். "மனசுல இருக்கறது ஒடம்புல போய் உக்காந்துக்கும்மா. ஒடம்பு வழியாத்தான் வெளிய எடுக்கோணும்" என்றாள். "அப்ப ப்ளம்பரக் கூப்புடு" என்றேன். அவள் கூப்பிட்டது தீபிகா என்ற பெண்ணை. சேலத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுருட்டிய பாய்கள் பத்துடன் வந்து இறங்கினார். எனக்கு மட்டும் என்றால் நான் ஓடிவிடுவேன் என்று கணித்து, பண்ணையில் வேலை செய்யும் பெண்களையும் மாலதி சேர்த்துவிட்டிருந்தாள். இடம், உங்கள் முட்டை அடுக்கும் அறை. ஒரே ஒரு சுவருக்கு அப்பால் முதல் ஷெட். இதன் விபரீதம் யாருக்கும் தோன்றவில்லை. விலங்கியல் படித்த எனக்கும்தான்.

முதலில் பாதங்கள் தரையைத் தொடுவதை உணரச் சொன்னார். உங்கள் பண்ணைப் பெண் முத்தாயி, "தொட்டுட்டுத்தானுங்க நிக்கறேன், இல்லீன்னா உழுந்திருவேனே" என்றாள். பிறகு கைகளை மார்பின் குறுக்கே போட்டு, தோள்களை மாற்றி மாற்றித் தட்டச் சொன்னார். எழுபத்து மூன்று வயதில் என்னை நானே தூங்கவைக்க முயல்வதுபோல இருந்தது. பிறகு முழங்காலைத் தளர்த்தி, உடம்பு முழுவதையும் உதறி உதறிக் குலுக்கச் சொன்னார்.

"இதுக்கெதுக்குங்க பாயி, கிளாசு?" என்றாள் முத்தாயி. "மாரியாத்தா கோயலுக்கு வாங்க. பம்பை அடிச்சாப் போதும், ஊரே குலுங்கும்."

"இது சாமி ஆடறது இல்லீங்கக்கா. நரம்பு மண்டலத்த அமைதிப்படுத்தறது."

"ஆடி முடிச்சா எங்களுக்கும் அமைதியாத்தானுங்க இருக்குது. சாமி வேற கூட வருது. உங்களுதுல யாரு வருவாங்க?"

தீபிகா கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து, அடிவயிற்றிலிருந்து நீளமாக "வூ…" என்று ஒலி எழுப்ப வேண்டும் என்றார். மார்பு அதிர அதிர, மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் ஒரு நரம்பு அமைதியடையுமாம். அந்த நரம்பை நான் பாடமே நடத்தியிருக்கிறேன், ஆகவே மறுப்பதற்கில்லை. பதினொரு பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் "வூ…" என்றோம். காலமெல்லாம் கோழிகளிடம் கத்தித் தேறிய குரல்கள் அவை.

பக்கத்து ஷெட் ஒரு கணம் அடங்கியது. அடுத்த கணம் வெடித்தது. பத்தாயிரம் கோழிகளும் ஒன்றாகக் கொக்கரித்துக் கூண்டுகளில் மோதிய சத்தத்தில் முட்டை அட்டைகள் அதிர்ந்தன. செந்தில் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். "நிறுத்துங்க! அத்தை, நிறுத்துங்க! கோழி மிரளுது! நரி பூந்துருச்சுன்னு நெனச்சுக்கிச்சாட்டம் இருக்குது!" தீபிகா வெளிறிப்போய், எங்களுக்குச் சொல்லித்தந்த மூச்சுப் பயிற்சியைத் தமக்கே செய்துகொண்டிருந்தார். மன அழுத்தத்தை விடுவிக்க வந்து, அதை மொத்தமாக அடுத்த அறைக்கு அனுப்பிவைத்தோம்.

அப்போது முத்தாயி ஒரு காரியம் செய்தாள். ஷெட்டுக்குள் போகும்போது நீங்கள் போடும் நீலச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். ஷெட்டின் தகரக் கதவை மூன்று முறை தட்டினாள். உங்களைப் போலவே காலைத் தேய்த்து நடந்து, "பா… பா… நாந்தான் சாமி, நாந்தான். ஒண்ணுமில்ல, நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கால்மணி நேரத்தில் ஷெட் அடங்கியது.

"பெரியம்மா போன அன்னிக்கிருந்து மூணு நாளு தீவனம் சரியா எடுக்கலீங்க. யாரு போனாலும் மிரளுச்சு. சட்டைய மாட்டிட்டுப் போனேன், கம்முனு ஆயிருச்சு" என்று பிறகு எனக்கு விளக்கினாள். ஆக, உங்கள் மறைவு கோழிகளுக்கு இன்னும் முறைப்படி அறிவிக்கப்படவில்லை. அவற்றைப் பொறுத்தவரை நீங்கள் தினமும் இருவேளை வருகிறீர்கள். அவற்றைக் கண்டு எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இதை மாலதியிடம் சொல்ல வேண்டாம்.

கிளம்பும்போது தீபிகா என்னைத் தனியே அழைத்தார். "ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சு நடுக்கத்த அடக்குனீங்களாமே, மாலதியக்கா சொன்னாங்க. அடக்காதீங்கம்மா. நடுங்கட்டும்னு விட்டுருங்க. அது முடிஞ்சா தானா நிக்கும்." எனக்குச் சுருக்கென்றது. லாரிக்கு அடியில் போகாமல் தப்பிய நாய், சாலையோரம் போய் உடம்பை ஒரு முறை முழுதாக உதறிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அந்த நாய்க்கு இருந்த ஞானம் பேராசிரியைக்கு இல்லை.

முத்தாயி தன் பங்குக்கு, "ஷெட்டுக்குள்ள திடீர்னு நொழையக் கூடாதுங்க. தட்டிப்போட்டு, இன்னார் வாரேன்னு சொல்லோணும். ஒடம்புகிட்டயும் சொல்லிப்போட்டுச் செய்ங்க" என்றாள். அவளையும் மதித்தேன். மாலதி தினமும் அரைமணி நேரம் மட்டும் சாவியைத் தந்து திரும்ப வாங்கிக்கொள்ள, பண்ணை வாசலிலேயே காரின் கதவைத் தட்டி ஏறினேன். "இப்போது சாவி. இப்போது கிளட்ச். முதல் கியர்" என்று உரக்கச் சொன்னேன். கை நடுங்கினால் வண்டியை நிறுத்தி, மடியில் வைத்து நடுங்கவிட்டேன். பிறகு தொடர்ந்தேன். பத்து நாட்கள் வாசலையே சுற்றி வந்தேன். செந்தில், "அத்தை யார்கிட்டப் பேசறாங்க?" என்று மாலதியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. பதினோராம் நாள் மாலதி சாவியை என்னிடமே விட்டுவிட்டாள், ஒரு நிபந்தனையுடன்: திதிக்கு முன்பு அந்த டயர் கடையைத் தாண்டிக் காட்ட வேண்டும்; முத்தாயி உடன் போக வேண்டும்.

நேற்றுக் காலை போனோம். கடை தெரிந்ததுமே கை தொடங்கிவிட்டது. கை மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். தோள், தாடை, முழங்கால், எல்லாம் சேர்ந்துகொண்டன. ஓரமாக நிறுத்தினேன். அடக்கவில்லை. பற்கள் கிடுகிடுக்க, இருக்கை கிறீச்சிட, முழுதாக நடுங்கினேன். முத்தாயி குறுக்கிடாமல் ஜன்னல் வழியே பஸ் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது பம்பை இல்லாத கோயில், அவ்வளவுதான்.

திடீரென்று என் பக்கத்துக் கதவு திறந்தது. டயர் கடைக்காரர், கிரீஸ் படிந்த ஒரு பெரிய ஸ்பேனரை என் உள்ளங்கையில் வைத்து, தன் இரு கைகளாலும் அமுக்கினார். "இறுக்கிப் புடிங்கம்மா! இரும்பு புடிச்சா நின்னுரும்!"

"வலிப்பு இல்லீங்க, எக்ஸர்சைசுங்க!" என்று கத்தினாள் முத்தாயி.

"ரோட்டோரத்துலயா?"

"கோழிகிட்டச் செய்யக் கூடாதுன்னுட்டாங்க!"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்பேனரைத் திரும்ப வாங்கலாமா கூடாதா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை. நடுக்கம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அம்மா, போன வருசம் இங்க ஒரு பெரியம்மாவோட நின்னீங்களே, நீங்கதானுங்களே? நாந்தான் தண்ணி கொண்டாந்தேன். அந்தம்மா பேச்சு மூச்சில்லாம இருக்குது, நீங்க அப்படி வையறீங்க! 'எந்திரிங்க, எந்திரிங்க'ன்னு கையப் புடிச்சிட்டு ஒரே வசவு. அதுக்கப்புறம் பறந்தீங்க பாருங்க, என்ற கடைப் பலகையே ஆடிப்போச்சு."

எனக்கு இதில் ஒரு சொல்கூட நினைவில்லை, சம்பந்தியம்மா. மெதுவாகப் போனது மட்டுமே என் நினைவில் தங்கியிருந்தது. பறந்ததை என் தலை தொலைத்துவிட்டது. அன்று உங்களை என்னவென்று வைதேன்? உங்கள் காதில் விழுந்ததா? கடைசியாக உங்களிடம் சொன்னது ஒரு வசவுதான் என்பதில் எனக்கு வெட்கமில்லை. வேறு எதையாவது சொல்லியிருந்தால் நான்தானா என்று சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

அவருக்கு நன்றி சொல்லி, நாமக்கல் வரை போய், முத்தாயிக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போது கியர்களின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். மாலதி வாடகை வண்டிக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றாள்.

மோகனூருக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். இது என் உறுதிமொழி. வழியில் நடுக்கம் வந்தால் நிறுத்துவேன். அது முடியும்வரை குடும்பமே சாலையோரம் காத்திருக்கும். எள்ளும் தண்ணீரும் சற்றுத் தாமதமாகக் கிடைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இனி அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவள், உங்களுக்குச் சம்பந்தி,
சுலோசனா,
ராசிபுரம்.