உப்புக்குச் சப்பாணி

பெரிய பேரன் ஒரகடத்துக் கம்பெனியில் நிரந்தரமாகிவிட்டான். நடுவுள்ளவள் நர்சு படிப்பு முடித்து வாலாஜாபாத்தில் வேலைக்குப் போகிறாள். கடைக்குட்டி ரேவதி, உன்னைப் போலவே இடது கால் சூம்பிப் பிறந்தவள், உத்திரமேரூர் மைதானத்தில் ஒரு வருஷம் கோச் வேலை பழகித் தேறிவிட்டாள். ஊனமுள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்து விளையாட வைக்கிற வேலை. இப்போது வேலூரில் சம்பளத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். தெருவில் எதிர்ப்படுகிற எல்லாரிடமும் சொல்கிறேன். தங்கச்சி, உன் படத்துக்கு முன்னால் நின்றால்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் விட்டுப்போன பேண்ட்டைக் காலையில் துவைக்க எடுத்தேன். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள் வாசனை. தண்ணீரில் போட மனம் வரவில்லை.

அவளுடைய கோச் பரீட்சைக்கு முந்தின நாள், எல்லாரும் ஆடுகிற மாதிரி ஓர் ஆட்டம் சொல்லச் சொன்னாள். நொண்டி சொன்னேன். வட்டத்துக்குள் மற்றவர்கள் ஓட, ஒருத்தி நொண்டிக்கொண்டே தொட வேண்டும், தொட்டால் அவுட்.

"சின்ன ஆயா எப்டி ஆடுச்சு?"

"அது உப்புக்குச் சப்பாணி. சும்மா நிக்கும். தொட்டாலும் அவுட் கெடையாது."

ரேவதி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அது ஆடவே இல்ல ஆயா," என்றாள்.

மறுநாள் நானும் மைதானத்துக்குப் போனேன். பெரிய கோச் நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார். காது கேட்காத பிள்ளைகளுக்காக ரேவதி சிவப்புத் துணியை ஆட்டினாள். நொண்டி வந்தவள் சக்கர நாற்காலியில் இருந்த பெண்ணைத் தொட்டுவிட்டாள். "அவுட்," என்றாள் ரேவதி.

அந்தப் பெண்ணின் அம்மா ஓடிவந்தாள். "பாவம்மா, அதப் போயி அவுட்டுன்றியே. வுட்டுடு."

பெரிய கோச் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"வுட்டா அது ஆட்டத்துலயே இல்லக்கா. அவுட்னா அவுட்."

அந்தப் பெண் அழும் என்று பார்த்தேன். அதுவோ, "நான் அவுட் இல்ல! அவ காலு ஊனிட்டா! கள்ளாட்டம்!" என்று மைதானமே அதிரக் கத்தியது. பெரிய கோச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ ஒரு நாளும் அப்படிச் சண்டை போட்டதில்லை. சண்டை போட உனக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்?

ஒரே ஒரு தடவை கேட்டாய். "யக்கா, ஒரு தபா என்னிய அவுட் ஆக்கேன்."

"அவுட் ஆனா அயுவ, போ," என்று தள்ளிவிட்டு நொண்டிக்கொண்டே போனேன். இரண்டு நல்ல கால் உள்ளவள், விளையாட்டுக்கு.

ஆட்டத்தோடும் விடவில்லை. வெளியே கல்யாணம், திருவிழா எதுவானாலும் வீட்டுக்குக் காவல் நீதான். யாராவது கேட்டால், "அவளுக்குக் கூட்டம் புடிக்காது," என்பேன். உன்னைக் கேட்டதே இல்லை. பேத்தி என்றதும் தெரிகிறது. தங்கச்சி என்றபோது தெரியவில்லை. இந்தப் பெருமைக்குள் அந்த வெட்கமும் கிடந்து அறுக்கிறது.

உன் படம் என்று வீட்டில் இருப்பது ஒன்றுதான், என் கல்யாணத்தில் எடுத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உன் காலை மூடிக்கொண்டிருப்பது என் கூறைச் சேலை. விரித்துவிட்டவளும் நான்தான்.

அதன் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று ரேவதிக்கு இன்றைக்குக் கடுதாசி போட்டேன்: "உன்னைப் புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. நின்றுகொண்டு எடு. கால் தெரியட்டும்."