ஜெனி கொண்டுவந்த பிரியாணி

மார்ச் 14, வெள்ளி

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு அவிநாசிக்குப் போன மகள் ஜெனி, மூன்று வருடம் கழித்து இன்று மத்தியானம் வந்தாள். கையில் தூக்குப்போசி நிறையப் பிரியாணி.

“சேர்ந்து சாப்பிடலாமுங்கப்பா” என்று இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

“இன்னைக்கு எனக்கு உபவாசம் கண்ணு, ஆறு மணிக்கு மேலதான். நீ சாப்பிடு” என்றேன்.

தட்டுகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேனுங்கப்பா.”

அவள் வரவேண்டும் என்றுதான் இத்தனை வருடமாக வெள்ளிதோறும் பட்டினி கிடக்கிறேன். அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாய் தின்றிருந்தால் ஆண்டவர் கோபித்துக்கொண்டா இருப்பார்?

ஆறு மணிக்கு ஜெபித்துவிட்டுப் போசியைத் திறந்தேன். இரண்டு பேருக்கான சோறு ஆறிப்போய்க் கிடந்தது. ஆண்டவரே, பிள்ளை பசியோடல்லவா பஸ் ஏறியிருக்கிறாள்.