துலாத்துக்குப் புளியோதரை

ஏலே, முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, செல்போனில் 'இன்டர்ன் என்றால் யார்' என்று தேடினேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. தலையில் சாயம், முழங்காலில் தைலம். 'படிப்பை முடிக்கும் இளைஞர்கள் வேலை பழகச் சேர்வது' என்று பதில் வந்தது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தேன். குளிக்க மறந்துபோனது.

வந்த கையோடு காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தேன். அங்கே நீ இருந்தாய்.

போன ஆவணியில் நீயும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து புரூஃப் பார்த்த காலண்டர்தான். தாளின் அடியில் ராசிபலன். மற்ற ராசிகளுக்கு வரவு, கவலை, சுகம், அலைச்சல் என்று வழக்கமான சரக்கு. துலாத்துக்கு நேரே மட்டும், கட்டத்துக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு, 'புளியோதரை'. துலாம் என் ராசி. 'சரி' என்று கடைசிக் கையெழுத்துப் போட்டவனும் நான். என் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது என்று விருதுநகர் பஜார் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேனே, அந்தக் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறாய். எத்தனை வீடுகளில் துலாம் ராசிக்காரர்கள் எந்தக் கோயிலுக்குப் போவதென்று தெரியாமல் நின்றார்களோ!

நேற்று மாலைக்குள் நான் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாளில் பார்த்து இந்தச் சொல்.

இந்தப் புளியோதரையின் பூர்வீகம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆடிப்பெருக்கன்று அச்சகத்தில் புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டதும் நம்மைக் கூப்பிடுவார்கள். மார்கழியில் கடைசி லோடு ஏறியதும் அனுப்பிவிடுவார்கள். நிரந்தர வேலை கேட்டால் முதலாளி அண்ணாச்சியிடம் ஒரே பதில்: "சீசன் முடியட்டும், பார்ப்போம்." என் மகள் பால்வாடிக்குப் போன காலத்தில் முதலில் கேட்டேன். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். பதில் மட்டும் வளரவே இல்லை.

நீதான் வழி கண்டுபிடித்தாய். ஜோசியர் எழுதி அனுப்பும் சொல் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் நாம் சுருக்கிக்கொள்ளலாம். 'மனக்கிலேசம்' வந்தால் நீ 'கவலை' என்று போடுவாய். அண்ணாச்சிக்கு ரிஷப ராசி. காலையில் தாளைப் பார்க்காமல் கல்லாவைத் திறக்க மாட்டார். "அவுக ராசிக்கு, கடைசி லோடு போற அன்னைக்கு, 'தானம்'னு போடுவோம்லே. படிச்சிட்டு நம்மளக் கூப்பிட்டு ஆர்டரக் குடுத்துருவாக" என்றாய். போட்டோம். அடுத்த மார்கழிவரை காத்திருந்தோம். அந்த நாளும் வந்தது.

அண்ணாச்சி தாளைப் படித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மதியம் ஒரு தூக்குவாளியோடு வந்தார். "தானம்னு போட்டிருந்துச்சு. கோயில்ல அன்னதானத்துக்குக் குடுத்துட்டேன். பிரசாதம் வந்திருக்கு, சாப்பிட்டுக் கெளம்புங்கப்பா. மத்தத அடுத்த சீசன்ல பார்ப்போம்."

நீ மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாய். உனக்குச் சிரிப்பு வந்தால் தோள்தான் முதலில் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். "நம்ம பெர்மனெண்ட் ஆர்டர்ல புளிப்பு கொஞ்சம் தூக்கல்லே" என்றாய். எனக்குப் புரையேறியது. உனக்கு அப்போது மனசுக்குள் என்ன ஏறியது என்று நான் கேட்கவில்லை.

போன கார்த்திகையில் டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தாய், எழுந்திருக்கவில்லை. விஸ்வநத்தத்தில் உன் வீட்டுக்கு அண்ணாச்சி பெரிய மாலையோடு வந்தார். உன் பெண்டாட்டி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். "சீசன் முடிஞ்சதும் இவனப் பெர்மனெண்ட் பண்ணணும்னு இருந்தேம்மா" என்றார், நிஜமாகவே கண் கலங்கி. அவள் தலையைத் தூக்கவில்லை.

"அவுகளுக்கு முடிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த மேசையில் எனக்கு எதிரே யாரையும் உட்காரவைக்கவில்லை. அண்ணாச்சிக்கு ஒரு சம்பளம் மிச்சம்.

இந்த இன்டர்ன் சமாச்சாரம் எப்படி வந்தது என்கிறாயா? சென்னையில் ஒரு கம்பெனி. செல்போனுக்குத் தினமும் இரண்டு மூன்று சொல்லில் ஏதாவது எழுதி அனுப்புகிறவர்கள். அங்கே இன்டர்னாகச் சேர மகள் தனக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுதியதை நான் நக்கலடித்தேன். "முடிஞ்சா நீங்க எழுதுங்கப்பா" என்று என் பெயரிலும் ஒன்றைத் தட்டிவிட்டாள். ஒரே சொல்லில் ஒருத்தன் நாளைக் கெடுத்துப் பழகியவனுக்கு மூன்று சொல் கொடுத்தால் விடுவானா? அவளுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. வீட்டில் இரண்டு நாள் சாம்பாரில் உப்பில்லை.

வீடியோவில் பேட்டி எடுத்த பெண் முதலில் "அங்கிள்" என்றாள், நாக்கைக் கடித்துக்கொண்டு "சார்" ஆக்கினாள். அஞ்சு வருஷத்தில் என்னை நான் எங்கே பார்க்கிறேன் என்று கேட்டாள். "சுகர் மாத்திரை வாங்குற வரிசையில" என்றேன். சிரித்துவிட்டாள். மூன்று மாதம் பார்ப்பார்களாம், பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்களாம்.

அது தெரியாமலே அண்ணாச்சியும் ஆள் அனுப்பினார். இந்தத் தை முதல் நிரந்தரம், பி.எஃப். உண்டு, சீசன் மட்டும் முடியட்டுமாம். அங்கே போனால் இங்கே சீசன் போய்விடும். இங்கே இருந்தால் அது போய்விடும். இரண்டும் கைநழுவினால் வீட்டுக்கு என் சம்பளமே இல்லை. வீட்டுக்காரியிடம் கேட்டேன். "ரெண்டுமே உறுதியில்ல. அண்ணாச்சி பொய்யக் கேட்டுக் கேட்டுக் காது சலிச்சுப்போச்சு. அங்கனயாச்சும் புதுப் பொய் சொல்லுவாக, போயிட்டு வாங்க" என்றாள். அவள் சொல்லி முடித்த பிறகும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள்தான் உன் புளியோதரையைப் பார்த்தேன்.

அச்சகத்துக்குப் போனேன். அண்ணாச்சி புது ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மை வாசனை ஆளைத் தூக்கியது.

"சென்னைக்குப் போறேன் அண்ணாச்சி."

"என்ன சோலிக்கு?"

"இன்டர்ன்னு."

"எம்பேரன் போனானே, அதா?"

"அதேதான்."

இருமல் வரும்வரை சிரித்தார். "சாயம் பூசின மண்டையோட வேலை பழகப் போறியாக்கும்! ஏப்பா, மூணு மாசங் கழிச்சு அங்க வேண்டாம்னுட்டா இங்கனதான வருவே?"

"சீசன் முடியட்டும் அண்ணாச்சி, பார்ப்போம்."

பைண்டிங் பக்கம் ஒரு பெண் குபீரென்று சிரித்து, தாளால் வாயை மூடிக்கொண்டாள். நான் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தேன். முழங்கால்கூட அந்தப் பத்தடிக்கு ஒத்துழைத்தது.

மூன்று மாதத்தில் என்னைத் துரத்திவிடலாம். துரத்தட்டும். அந்தக் கூட்டத்தில் வயசானவன் நானாக இருப்பேன், இருந்துவிட்டுப் போகிறேன். காத்திருந்து காத்திருந்து மாலை வாங்குவதற்கு, போய் அசிங்கப்படுவது மேல். நாள் கிழமை, நல்ல நேரம், ஒன்றையும் பார்க்காமல் எடுத்த முடிவு இது. நாமே திருத்திப் போட்ட சொற்களுக்கு நாமே பயந்தால் ஊர் சிரிக்காதா? உன் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். யாராவது என்னிடம் பொறுமை என்று சொன்னால் அது தோளைக் குலுக்கும்.

வருகிற திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். புதன்கிழமை வருகிறேனே என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். பேட்டி எடுத்த அந்தப் பெண் ஏன் என்று கேட்டாள். சிக்னல் இல்லாததுபோல் போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கரிநாள். காலண்டரில் போட்டிருக்கிறது. நானே புரூஃப் பார்த்தது.