உன் மடியில் இருந்த பிளக்கு

என் அருமை மாப்பிள்ளை சூசைக்கு,

நீ போன இடத்தில் எல்லாரும் நல்லவர்களாம். வம்பு பேச ஆள் இல்லாமல் உனக்கு எப்படித்தான் பொழுது போகிறதோ! அதனால் வல்லத்து வயல் சேதியை நானே எழுதிவிடுகிறேன். சிரித்துக்கொண்டே படி. நடுவில் சிரிப்பு நின்றுபோனால் என்னைத் திட்டாதே.

உன் ஆயில் இஞ்சினைப் பற்றித்தான். உன்னுடையது என்று சொன்னால் உன் அண்ணன் லூர்துவுக்குக் கோபம் வரும், பாதி அவருடையது. கிணறும் அப்படித்தான். ஒரு நாள் அவர் முறை, மறுநாள் உன் முறை. இது ஊரில் எல்லாரும் செய்வது. நீங்கள் செய்ததை யாரும் செய்ததில்லை.

இஞ்சின் தலையில் உள்ள தண்ணீர் ஓட்டையை மூடும் பித்தளை பிளக்கை, அது இல்லாமல் இஞ்சின் ஓடாது என்று தெரிந்தே, உன் அண்ணன் ஒருநாள் உன் முறையன்று மடியில் கட்டிக்கொண்டு திண்டிவனம் போய்விட்டார். நீ ரோஷத்தோடு வேறு கடையில் தனியாக ஒன்று வாங்கினாய். அன்று முதல் அவரவர் பிளக்கை அவரவர் முடுக்கி, முறை முடிந்ததும் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். அவருடையதில் திருகு மரை நெருக்கம், உன்னுடையதில் அகலம். ஒரே ஓட்டையில் இரண்டையும் மாற்றி மாற்றித் திணித்தால் என்ன ஆகும்? ஒழுக ஒழுகச் சணலைச் சுற்றினீர்கள். எதிரே நிற்கிற செஞ்சிக் கோட்டையில்கூட ஒரே வாசலுக்கு ஆளுக்கொரு கதவு மாட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு நீ மாரைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாய். எழவில்லை.

உன்னைக் குளிப்பாட்டுவதற்கு முன் உன் அண்ணன் உன்மேல் விழுந்து அழுதார். நான்கூட உருகிப்போனேன். கண்தான் அழுதது மாப்பிள்ளை, கை உன் வேட்டி மடிப்பில் தேடிக்கொண்டிருந்தது. உன் பிளக்கை எடுத்துத் தன் மடியில் முடிந்துகொண்டார். சாவு வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா?

அதை நீ ஏன் மேரியிடம் கொடுத்து வைக்கவில்லை? என் தங்கச்சியைவிட அந்த மடிதான் உனக்குப் பத்திரமாகத் தெரிந்ததா?

மேரி போய் அவரிடம் பிளக்கைக் கேட்டாள். "ஒண்டிப் பொம்பளைக்கு இஞ்சின் இன்னாத்துக்கு? நெலத்த என்கிட்ட உட்டுடு, நான் பயிர் வெச்சிக்கிறேன்," என்றார். நெல்லோ கதிர் கட்டுகிற சமயம். அவள் மரக்கட்டையில் துணி சுற்றி ஓட்டையில் அடித்து ஓட்டிப் பார்த்தாள். தேய்ந்த மரையில் கட்டை நிற்குமா? கொதிநீர் பீறிட்டு முழங்கை வெந்துபோயிற்று. "பாத்தீங்களா, இஞ்சினத் தீச்சிட்டா!" என்று உன் அண்ணன் ஊரெல்லாம் சொன்னார். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் யாரும் பயப்படுவதில்லை. அதனால் செலவு செய்தேன். விழுப்புரத்தில் பழைய லாரிச் சாமான் விற்பவரிடம் சூடு காட்டும் மீட்டர் ஒன்று வாங்கினேன். அதன் மூக்கை ஓட்டையில் முடுக்கிவிட்டால் பிளக்கே வேண்டாம். மூக்கிலிருந்து குழல் நீண்டு, முள் ஓடும் முகம் ஷெட்டுத் தூணில் இருக்கும். யார் இஞ்சினைத் தீய்க்கிறார்கள் என்று முள்ளே சொல்லும்.

செஞ்சிப் பட்டறைத் துரைசாமியை மேரியின் முறை நாளில் கூட்டிப் போனேன். குனிந்து பார்த்தவர், "இன்னா ஆரோக்கியம், இது ஓட்டையா, எலி வளையா?" என்றார். உதவிக்குப் போய்ப் பேசிக்கொண்டே நின்ற என்னிடம், "துணியப் புடி. வாயில வெச்சுப் புடி," என்றார். ஓட்டையைப் பெரிதாகக் குடைந்து, தூள் உள்ளே விழாமல், டேப் என்கிற மரை வெட்டும் கருவியில் கிரீஸ் அப்பிப் புது மரை வெட்டினார். அதில் புஷ் என்கிற பித்தளை வளையம் ஒன்றை இறுக்கினார். புஷ்ஷுக்குள் மீட்டருக்கான மரை.

உன் அண்ணன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஓட்டையவே மாத்திட்டா என் பிளக்கு எப்டிடா சேரும்?"

மேரி கட்டுப்போட்ட கையோடு நின்றாள். "உங்ககிட்டதான் ரெண்டு இருக்குதே மாமா. ரெண்டு காதுலயும் மாட்டிக்கினு போங்க."

இஞ்சின் ஓடியது. முள் பாதி ஏறி நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் வயலுக்குப் போன பிறகும் மேரி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதிர் பாதிதான் தேறும் என்கிறார்கள். நிலம் அவளிடமே இருக்கிறது.

போன வாரம் உன் அண்ணன் மேரி வீடு தேடி வந்து உன் பிளக்கை நீட்டினார். "தம்பி சாமான். இனிமே எனக்கு இன்னாத்துக்கு?" பயிர் காயும்போது நினைவுக்கு வராத தம்பி! மேரி கை நீட்டவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு அதைக் கொண்டுவருகிறேன். அதன் குழிக்குள் மெழுகுவர்த்தி கச்சிதமாக உட்காருகிறது. மரை பார்க்க வேண்டியதில்லை. உன் தலைமாட்டில் வைத்துக் கொளுத்துவேன். அது எரிந்து தீரும்வரை அங்கேயே நிற்பேன். உன் அண்ணனும் வருவார் அல்லவா? அவர் மடியும் கூடவே வருமே.

உன்னைத் திட்டிக்கொண்டே நினைக்கும்,
தங்கச்சியை உனக்குக் கொடுத்த மச்சான்
ஆரோக்கியம்